மேற்கில் வாழும் முஸ்லிமின் ஆடைத் தெரிவு: எதை அளவுகோலாகக் கொள்வது?

ஆடை, மனித இனத்துக்கு அல்லாஹ் அருளிய பெரும் அருட்கொடை. ஸூரா அல்அஃராபின் 26ஆவது வசனம் ஆடைக்கு இரண்டு பயன்களைக் குறிப்பிடுகின்றது. ஒன்று, மறைக்க வேண்டிய உறுப்புகளை மறைப்பது. மற்றையது, அலங்காரமாக அமைவது. இவ்விரண்டையும் சொன்ன பிறகே தக்வா என்னும் ஆடையின் சிறப்பை அவ்வசனம் எடுத்துரைக்கின்றது. மறைப்பதும் அழகும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் எமது சமூகத்தில் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. குர்ஆனிலிருந்து அது வரவில்லை.

லண்டன், பாரிஸ், டொரன்டோ, மெல்பேர்ன் எனக் குடிபெயர்ந்து வாழும் சகோதரிகளிடமிருந்து ஆடை தொடர்பாக எமக்கு வரும் கேள்விகள் பலவும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. “வேலை செய்யும் இடத்தில் அபாயா அணிய முடியாது, என்ன செய்வது?” என்பதே அது. அபாயா இல்லையென்றால் இஸ்லாமிய ஆடையே இல்லை என்ற முடிவு அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கின்றது. அதன் விளைவு பாரதூரமானது. சிலர் படிப்பையும் தொழிலையும் கைவிட்டு வீட்டில் இருந்துவிடுகின்றனர். வேறு சிலர் அபாயாவைக் கழற்றும் நாளிலேயே தலைத்துணியையும் நீண்ட கையையும் சேர்த்துக் கழற்றிவிடுகின்றனர். முழுமையாக இயலாதென்றால் ஒன்றுமே வேண்டாம் என்ற இந்தப் போக்கே மேற்கில் எமது பெண்பிள்ளைகளுக்கு நேரும் பெரிய ஆபத்து என்று நாம் கருதுகின்றோம். குட்டைப் பாவாடை விற்கும் கடைத்தெருவை அதற்கு அடுத்த இடத்தில்தான் வைப்போம்.

ஷரீஆ வகுத்திருப்பது அளவை

அபாயா என்ற சொல் குர்ஆனில் எங்கும் இல்லை. ஸூரா அந்நூரின் 31ஆவது வசனம், பெண்கள் தமது தலைத்துணியை நெஞ்சுப் பகுதி வரை இறக்கிவிட வேண்டும் என்கின்றது. ஸூரா அல்அஹ்ஸாபின் 59ஆவது வசனம், வெளியே செல்லும்போது மேலாடையைத் தம்மீது தாழ்த்திக்கொள்ளச் சொல்கின்றது. அந்நூர் வசனம் இறங்கியபோது ஸஹாபிப் பெண்மணிகள் என்ன செய்தார்கள் என்பதை அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் விவரித்திருப்பது ஸஹீஹுல் புஹாரியில் பதிவாகியுள்ளது. அவர்கள் தம்மிடம் ஏற்கெனவே இருந்த கம்பளிப் போர்வைகளின் ஓரங்களைக் கிழித்துத் தலைத்துணியாக்கிக்கொண்டனர். புதியதொரு சீருடை தைத்து வரும்வரை எவரும் காத்திருக்கவில்லை. கையில் இருந்த துணியைக் கொண்டே கட்டளையை நிறைவேற்றினர்.

இமாம்கள் இவ்வசனங்களிலிருந்தும் நபிமொழிகளிலிருந்தும் சில நிபந்தனைகளை எடுத்தெழுதியுள்ளனர். மறைக்க வேண்டிய பகுதியை ஆடை மறைக்க வேண்டும். உடலின் நிறம் தெரியுமளவு மெல்லியதாக இருக்கக் கூடாது. உறுப்புகளின் வடிவம் துலங்குமளவு இறுக்கமாக இருக்கக் கூடாது. ஆண் பெண்ணைப் போலவும் பெண் ஆணைப் போலவும் உடுத்தக் கூடாது. பிற மதத்தவரின் சமயச் சின்னமாக அது அமையக் கூடாது. பெருமைக்காகவோ ஊரார் விரல் நீட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவோ அணியப்படக் கூடாது. இந்த நிபந்தனைகளில் நிறம் இல்லை, நாடு இல்லை, தையல் முறை இல்லை. கறுப்பு நிறம் கட்டாயம் என்று நான்கு மத்ஹபுகளில் எதுவும் சொல்லவில்லை.

இவ்விடத்தில் இரண்டு ஹதீஸ்களை நினைவூட்ட விரும்புகின்றோம். தபூக் பயணத்தின்போது நபி (ஸல்) அவர்கள் ஒடுங்கிய கைகளைக் கொண்ட ஓர் அங்கியை அணிந்திருந்தார்கள். வுழூச் செய்யும்போது அதன் கையை மேலே உருட்ட முடியாமல் போகவே, அங்கிக்குக் கீழாகக் கையை வெளியே எடுத்துக் கழுவினார்கள். முகீரா இப்னு ஷுஃபா (ரழி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தியின் ஓர் அறிவிப்பில் அது ஷாம் தேசத்து அங்கி என்றும் இன்னோர் அறிவிப்பில் ரோமாபுரி அங்கி என்றும் வந்துள்ளது. அன்று ஷாம், ரோமப் பேரரசின் கீழ் இருந்த கிறிஸ்தவ நாடு. அந்நாட்டுத் தையலில் அமைந்த உடையை நபியவர்கள் தயக்கமின்றி அணிந்தார்கள். ஆடையின் பிறப்பிடத்தைப் பார்த்துத் தீர்ப்பளிக்கும் வழக்கம் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இரண்டாவது செய்தி உஸாமா இப்னு ஸைத் (ரழி) அவர்களுடையது. எகிப்தின் கிப்தி மக்கள் நெய்த துணியொன்றை நபியவர்கள் அவருக்கு அன்பளிப்பாக வழங்கினார்கள். அவர் அதைத் தம் மனைவிக்குக் கொடுத்துவிட்டார். அதற்கு உள்ளே இன்னோர் ஆடையை அணியும்படி அவரிடம் சொல்லுமாறும், இல்லையேல் உடலின் வடிவம் வெளிப்பட்டுவிடுமோ என அஞ்சுவதாகவும் நபியவர்கள் கூறியதாக முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. அந்நியத் துணி என்று அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. குறை எங்கே என்று பார்த்து, உள்ளாடை ஒன்றைச் சேர்த்து அதைச் சீர்செய்யச் சொன்னார்கள். மான்செஸ்டரில் ஒரு கடையில் நீண்ட கவுன் ஒன்றைக் கையில் எடுக்கும் சகோதரி இந்த முறையைத்தான் பின்பற்ற வேண்டும்.

ஊரார் விரல் நீட்டும் ஆடையைப் பற்றி ஒரு சொல். புகழாடை என்று ஹதீஸில் கண்டிக்கப்பட்டிருப்பதை நாம் வழமையாக ஆடம்பர உடை என்று மட்டும் விளங்கிக்கொள்கின்றோம். வாழும் ஊரின் வழக்கத்துக்குக் காரணமின்றி முரண்பட்டு, தன்னைப் பிரித்துக் காட்டும் உடையையும் அறிஞர்கள் அதில் சேர்த்தே பேசியுள்ளனர். மாற்றாருக்கு ஒப்பாகும் விடயத்தில் கடுமையான நிலைப்பாடு கொண்டவரென அறியப்படும் இமாம் இப்னு தைமிய்யா கூட, அவ்விடயத்துக்கென்றே எழுதிய ‘இக்திளாஉஸ் ஸிராத்தில் முஸ்தகீம்’ நூலில், முஸ்லிமல்லாதாரின் நாட்டில் வாழும் முஸ்லிம் வெளித்தோற்றத்தில் அவர்களுக்கு மாறுபட வேண்டும் என்று ஏவப்பட்டவர் அல்லர், அதில் அவருக்குத் தீங்கு உண்டு என்ற கருத்தை எழுதியுள்ளார். அவர் மறைந்தது 1328ஆம் ஆண்டில். இன்று இணையத்தில் தீர்ப்பு வழங்குவோர் பலருக்கு அந்தப் பக்கம் கண்ணில் படவில்லை போலும்.

இஸ்லாத்தைத் தழுவிய ஓர் ஆங்கிலேயப் பெண்ணுக்குப் பள்ளிவாசலில் முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு ஷல்வார் கமீஸ், இல்லையேல் ஒரு கறுப்பு அபாயா. அவள் தன் தாயின் வீட்டுக்கு அதை அணிந்து போகும்போது, மகள் மார்க்கம் மாறினாள் என்பதைவிட நாடு மாறிவிட்டாள் என்றே அந்தத் தாய் எண்ணுகிறாள். தளர்வான நீண்ட சட்டையும் அகலமான காற்சட்டையும் மேலே ஒரு கோட்டும் தலைத்துணியும் அணிந்து அவள் போயிருந்தால் ஷரீஆவின் நிபந்தனைகளில் எது குறைந்திருக்கும்?

எமது ஊர் வரலாறும் இதைத்தான் சொல்கின்றது. இலங்கையில் அபாயா பரவலானது அண்மைக் காலத்தில்தான். 1970களின் பிற்பகுதியிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வது பெருகியதையொட்டி அது வந்தது. அதற்கு முன் எமது உம்மாமார் சாரித் தலைப்பால் முக்காடிட்டே வெளியில் சென்றனர். அந்த உடையில் இடுப்பும் கையும் தெரிந்ததென்றால் அது திருத்தப்பட வேண்டிய குறைதான். ஆனால் அவர்களுக்கு ஹயா இல்லை என்று சொல்லத் துணிபவர் யார்?

மத்ஹபுகளின் விசாலம்

முகமும் மணிக்கட்டு வரையான கைகளும் மறைக்கப்பட வேண்டியவை அல்ல என்பது பெரும்பாலான இமாம்களின் கருத்து. முகத்தையும் மறைக்க வேண்டும் என்ற கருத்து ஹன்பலீ மத்ஹபிலும் பிற்கால ஷாஃபிஈ நூல்களிலும் வலுவாக உண்டு. அதைப் பின்பற்றி நிகாப் அணிபவரைக் குறைகூற எமக்கு உரிமையில்லை. எனினும் சில நாடுகளின் சட்டத்தை அவர் அறிந்திருக்க வேண்டும். பிரான்ஸில் 2011 ஏப்ரல் 11 முதல் பொது இடங்களில் முகத்தை மூடுவது தடை, தண்டம் 150 யூரோ வரை. அந்தச் சட்டத்துக்கு எதிரான வழக்கை ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2014 ஜூலை 1ஆம் திகதி ஏற்க மறுத்துவிட்டது. பெல்ஜியம் 2011இலும் ஒஸ்திரியா 2017இலும் டென்மார்க் 2018இலும் அதே வழியில் சென்றன. நெதர்லாந்தில் 2019 முதல் பாடசாலை, வைத்தியசாலை, பொதுப் போக்குவரத்து, அரச கட்டடங்கள் ஆகியவற்றில் மட்டும் தடை. சுவிஸில் 2021 மார்ச் 7ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பில் 51 சதவீதத்தைச் சற்றுத் தாண்டிய வாக்குகளால் தடை நிறைவேறி, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. இந்நாடுகளில் வாழ்பவர் பெரும்பான்மை இமாம்களின் கருத்தை எடுத்துக்கொள்வதில் எந்தக் குற்றவுணர்வும் கொள்ளத் தேவையில்லை.

பாதம் பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் பாதமும் மறைக்கப்பட வேண்டியது. ஹனஃபீ மத்ஹபில் பாதத்துக்கு விலக்களிக்கும் கருத்து ஏற்புப் பெற்றது. வட ஐரோப்பியக் குளிரில் காலுறையின்றி வெளியே செல்பவர் குறைவு என்பதால் இங்கு இது பெரிய சிக்கலில்லை.

முழங்கை வரையான கைப்பகுதிதான் உண்மையான சிக்கல். குறிப்பாக வைத்தியர்களுக்கும் தாதியருக்கும். பிரித்தானிய தேசிய சுகாதார சேவையில் நோயாளியைத் தொட்டுப் பராமரிப்போர் முழங்கைக்குக் கீழ் எதுவும் அணியக் கூடாது என்ற விதி உள்ளது. கைகளைச் சரிவரக் கழுவ வேண்டும், தொற்று பரவக் கூடாது என்பதே அதன் நோக்கம், அது நியாயமானது. இதைக் கேள்விப்பட்டு மருத்துவப் படிப்பையே கைவிட எண்ணும் பிள்ளைகள் இருக்கின்றனர். 2010இல் சுகாதாரத் திணைக்களம் வெளியிட்ட வழிகாட்டலை அவர்கள் படிக்க வேண்டும். ஒருமுறை அணிந்து எறியும் மேற்கைகளை, கையுறையைப் போலவே ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்றிக்கொண்டு அணிய அது இடமளிக்கின்றது. நோயாளியிடம் செல்லாத வேளைகளில் முழுக்கை அணியவும் தடையில்லை. சத்திரசிகிச்சைக் கூடத்துக்கெனக் கிருமிநீக்கம் செய்யப்பட்ட, ஒருமுறை பயன்படுத்தும் தலைத்துணியை டெர்பி நகரின் ரோயல் டெர்பி வைத்தியசாலை 2019 டிசம்பரில் அறிமுகம் செய்தது. அதற்கு முயற்சி எடுத்தவர் அங்கு பணியாற்றிய இளம் முஸ்லிம் பெண் வைத்தியர் ஒருவர். மேற்கையும் கிடைக்காத இடத்தில் என்ன செய்வது என்று கேட்டால், தொழில் செய்யும் பெண்ணின் முன்கை விடயத்தில் ஹனஃபீ மத்ஹபின் இமாம் அபூ யூசுஃப் அவர்களிடமிருந்து இலகுவான ஓர் அறிவிப்பு உண்டு என்பதைச் சொல்லி வைக்கின்றோம். சமைப்பதும் கழுவுவதும் தொழிலாகக் கொண்ட பெண்களை மனத்திற்கொண்டு கூறப்பட்ட கருத்து அது. தேவையான நேரத்துக்கு மட்டும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

‘அடக்கமான ஆடை’ என்ற பெயரில் இன்று மேற்கின் பெரிய நிறுவனங்களே ஆடை விற்கின்றன. யுனிக்லோ 2015இலும் டொல்சே அன்ட் கபானா 2016இலும் எச் அன்ட் எம் 2018இலும் தனி வரிசைகளை வெளியிட்டன. முஸ்லிம் பெண்களின் பணப்பையை அவர்கள் கண்டுகொண்டுவிட்டனர் என்பதே இதன் பொருள். அந்தச் சீட்டு ஒட்டியிருப்பதால் ஆடை நிபந்தனையை நிறைவேற்றிவிடாது. முஸ்லிம்களே நடத்தும் கடைகளிலும் இதே நிலைதான். தோளெல்லாம் கல் பதித்து, இடுப்பில் பட்டி இறுக்கிய அபாயாவை விட, ஒரு தர்மக் கடையில் 10 பவுணுக்குக் கிடைக்கும் தளர்வான கம்பளிக் கோட்டு ஷரீஆவுக்கு நெருக்கமானது.

துணியைப் பொறுத்தவரை, லினனும் தடித்த பருத்தியும் உடலில் ஒட்டாமல் விழும். ஜேர்சித் துணி மென்மையானது, ஆனால் நிற்கும்போது தளர்வாகத் தெரிவது நடக்கும்போது உடலோடு சேர்ந்துகொள்ளும். ஷிஃபோனுக்கு உள்ளே இன்னொரு துணி இன்றியமையாதது. செயற்கை இழை அபாயாக்கள் பிரித்தானியக் காற்றில் முன்பக்கம் உடலோடு ஒட்டிவிடும். வீட்டுக் கண்ணாடி முன் தெரியாத இந்தக் குறை பஸ் தரிப்பிடத்தில் தெரியும். ஆகவே உடுத்திப் பார்க்கும் அறையில் நின்று பார்த்தால் மட்டும் போதாது. வெளிச்சத்துக்கு முன் நின்று பாருங்கள், கைகளை உயர்த்துங்கள், உட்காருங்கள், ருகூவுக்குக் குனிவதைப் போல் குனிந்து பாருங்கள். சட்டை பின்னால் ஏறுகின்றதா, கை முழங்கை வரை இறங்குகின்றதா என்பது அப்போது புரியும். வேலைத்தளத்தில் ளுஹரும் அஸரும் தொழுபவருக்கு இது இரட்டைப் பயன், தொழுகைக்கென வேறு உடை தேட வேண்டியதில்லை.

உடலோடு ஒட்டும் லெகிங்ஸை நீண்ட மேல்சட்டையோடு அணியலாமா என்று அடிக்கடி கேட்கின்றனர். மேல்சட்டை முழங்காலைத் தாண்டித் தளர்வாக இருந்தாலும், அதற்குக் கீழே காலின் வடிவம் தெரியத்தான் செய்யும். அகலமான காற்சட்டை இதே விலைக்குக் கிடைக்கும்போது இந்தச் சந்தேகத்தில் ஏன் விழ வேண்டும்?

ஆடையின் நீளத்துக்கும் அளவு உண்டு. நிலத்தில் இழுபடும் ஆடை, லண்டன் சுரங்க ரயிலின் நகரும் படிக்கட்டுகளில் உயிராபத்து. பாதணியின் மேற்புறம் வரை தொடும் நீளமும் உள்ளே காலுறையும் போதும். தொழிற்சாலையிலும் ஆய்வுகூடத்திலும் பணிபுரிவோர் தொங்கும் முனைகளை ஆடைக்குள் செருகி, ஊசிக்குப் பதிலாக இழுபடும் துணியிலான பொருத்தமான தலைத்துணியை அணிய வேண்டும். உயிரைக் காப்பதும் ஷரீஆவின் நோக்கங்களில் ஒன்று.

தோல் பொருட்களில் ஒரு எச்சரிக்கை. மேற்கில் விற்கப்படும் சப்பாத்துகள், கைப்பைகள் சிலவற்றின் உட்புறம் பன்றித் தோலால் ஆனது. பதனிட்டாலும் அது தூய்மையாகாது என்பதே பெரும்பாலான இமாம்களின் தீர்ப்பு. வெளித்தோலை மட்டும் பார்த்து வாங்காமல் உட்தோல் எது என்று விற்பனையாளரிடம் கேட்பதில் வெட்கமில்லை.

சட்டம் எங்கே உங்களோடு, எங்கே எதிராக

பலர் கேட்காமலேயே கழற்றுகின்றனர். முதலாளி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், நேர்முகத் தேர்வுக்கு முதல் நாளே தலைத்துணி பைக்குள் போய்விடும். அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் ஓர் இளம்பெண்ணுக்குத் தலைத்துணி காரணமாக அபர்குரொம்பி அன்ட் ஃபிட்ச் ஆடைக் கடையில் வேலை மறுக்கப்பட்டது. அவ்வழக்கில் 2015 ஜூன் 1ஆம் திகதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற பெரும்பான்மையில் அப்பெண்ணின் பக்கம் நின்றது. சலுகை வேண்டும் என்று அவள் வாய்திறந்து கேட்டிருக்க வேண்டியதில்லை, அதைத் தவிர்க்கும் நோக்கம் முதலாளிக்கு இருந்தாலே குற்றம் என்றது தீர்ப்பு. பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், தகுந்த காரணமின்றி ஒரு மதத்தவரைப் பாதிக்கும் ஆடை விதிகளைத் தடுக்கின்றது. லண்டன் மாநகரப் பொலிஸ் 2001லேயே தலைத்துணியைச் சீருடையின் பகுதியாக ஏற்றுக்கொண்டது.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் நிலைமை கடினம். எல்லா மதச் சின்னங்களுக்கும் பொதுவான நடுநிலை விதியொன்றைத் தனியார் நிறுவனம் வைத்திருந்தால் தலைத்துணியைத் தடுக்கலாம் என ஐரோப்பிய நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. அதற்கு உண்மையான தேவை இருப்பதை முதலாளி நிரூபிக்க வேண்டும் என்று 2021இல் தெளிவுபடுத்தியது. ஜேர்மனியில் ஆசிரியைகளுக்கு ஒட்டுமொத்தத் தடை விதிப்பது அரசியலமைப்புக்கு முரண் என 2015இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் கூறியது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2019ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அரச பாடசாலை ஆசிரியர், பொலிஸார் உள்ளிட்டோருக்கு மதச் சின்னங்களைத் தடை செய்தது. அங்கு ஆசிரியையாக விரும்பும் பெண் வேறு மாகாணத்தில் வேலை தேடுவதைப் பற்றி ஆரம்பத்திலேயே யோசிப்பது நல்லது.

பிரான்ஸைத் தனியாகப் பேச வேண்டும். 2004 மார்ச் 15ஆம் திகதியச் சட்டம் அரச பாடசாலைகளில் மாணவியரின் தலைத்துணியைத் தடுத்தது. தலைத்துணிக்குப் பதிலாக எப்போதும் கட்டப்படும் பந்தானாவையும் 2007இல் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அதே கணக்கில் சேர்த்தது. 2023 ஓகஸ்டில் கல்வியமைச்சர் கப்ரியேல் அத்தால் அபாயாவுக்கும் தடை அறிவித்தார். செப்டம்பர் 7ஆம் திகதி நீதிமன்றம் அதைத் தடுக்க மறுத்தது. அபாயா மத உடை அல்ல என்று பிரெஞ்சு முஸ்லிம் கவுன்சில் கூற, இல்லை மத உடைதான் என்று மதச்சார்பற்ற அரசு கூறியது. மார்க்கத் தீர்ப்பு வழங்கும் பொறுப்பை அமைச்சு எடுத்துக்கொண்ட வேடிக்கை அது. ஆனால் அபாயாதான் இஸ்லாம் என்று நாம் எமது மேடைகளில் பேசியதும் அவர்களுக்கு உதவியது என்பதை மறுக்க முடியாது.

தலைத்துணித் தடை வருமுன், 2003 டிசம்பர் இறுதியில், அப்போதைய அல்அஸ்ஹர் தலைவர் ஷெய்க் தன்தாவி அவர்கள், ஹிஜாப் கடமைதான் என்றும், முஸ்லிமல்லாத நாட்டின் சட்டம் தடுத்தால் அப்பெண் நிர்ப்பந்திக்கப்பட்டவளின் நிலையில் இருப்பாள் என்றும் கூறினார்கள். அதை அறிஞர்கள் பலர் கடுமையாக எதிர்த்தனர். லண்டன் குண்டுவெடிப்புகளுக்குப் பின், 2005 ஓகஸ்டில், அங்குள்ள முஸ்லிம் கல்லூரியின் தலைவர் ஷெய்க் ஸகீ பதவீ அவர்களும் தாக்கப்படுவோம் என்று அஞ்சும் பெண்கள் ஹிஜாபைத் தவிர்க்கலாம் என்றார்கள். அதுவும் சர்ச்சையானது. இவ்விடயத்தில் எமது நிலைப்பாடு இதுதான்: நிர்ப்பந்தம் உண்மையானால் சலுகையும் உண்மையானது, ஆனால் அது நிர்ப்பந்தத்தின் அளவோடு நின்றுவிட வேண்டும். பிரெஞ்சு அரச பாடசாலை மாணவி வாசலில் தலைத்துணியைக் கழற்ற வேண்டியிருந்தால், வெளியேறும்போது அதே வாசலில் அணிந்துகொள்ளட்டும். சட்டம் தடுத்தது தலைத்துணியை. நீண்ட கைச் சட்டையையும் தளர்வான காற்சட்டையையும் அவளிடமிருந்து எவரும் பறிக்கவில்லை. பல்கலைக்கழகங்களில் மாணவியருக்கு அந்தத் தடையே இல்லை, ஆனால் அதுவரை வரும் ஆண்டுகளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டவளுக்கு மீண்டும் தொடங்குவது கடினம். அந்தப் பிள்ளையை ‘பாதி ஹிஜாப்காரி’ என்று பள்ளிவாசலில் பரிகசிப்பவர் அவளைத் தொலைப்பதில் பங்காளியாகின்றார்.

ஆண்கள்

அந்நூர் ஸூராவில் பெண்களைப் பற்றிய 31ஆவது வசனத்துக்கு முன் 30ஆவது வசனம் உண்டு. அது ஆண்களின் பார்வையையும் கற்பையும் பற்றியது. கோடையில் பூங்காவுக்குச் செல்லும் எமது குடும்பங்களைப் பாருங்கள். மனைவி தலை முதல் கால் வரை மூடியிருப்பாள். கணவர் தொடை தெரியும் அரைக்காற்சட்டையில் பார்பிகியூ அடுப்பை ஊதிக்கொண்டிருப்பார். தொப்புளிலிருந்து முழங்கால் வரை ஆண் மறைக்க வேண்டும் என்பது பெரும்பாலான இமாம்களின் கருத்து. உடற்பயிற்சிக் கூடத்தின் பொதுக் குளியலறையிலும் அது தளர்ந்துவிடாது. அலுவலகத்தில் டை கட்டுபவர்கள் அதன் துணியைப் பார்க்க வேண்டும். நல்ல டைகள் பெரும்பாலும் பட்டு, பட்டு ஆண்களுக்கு விலக்கப்பட்டது. பொலியெஸ்டர், கம்பளி டைகள் தாராளமாகக் கிடைக்கின்றன.

பாடசாலைச் சீருடையும் நீச்சலும்

பிரித்தானியாவின் லூட்டன் நகரில் டென்பி உயர்நிலைப் பாடசாலை, உள்ளூர்ப் பள்ளிவாசல்களிடம் ஆலோசித்து, ஷல்வார் கமீஸையும் தலைத்துணியையும் சீருடையாக அனுமதித்திருந்தது. 2002 செப்டம்பரில் ஒரு மாணவி, அது போதாது, ஜில்பாப்தான் வேண்டும் என்று வந்தார். பாடசாலை ஏற்கவில்லை. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று 2005இல் மாணவிக்குச் சாதகமானது, 2006 மார்ச் 22ஆம் திகதி பிரபுக்கள் சபை அதை மாற்றித் தீர்ப்பளித்தது. இந்த இழுபறியில் அம்மாணவி அப்பாடசாலைக் கல்வியில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளை இழந்தார். அவருடைய நிய்யத்தை அல்லாஹ்வே அறிவான். ஆனால் ஷரீஆவின் நிபந்தனைகளை நிறைவேற்றும் உடை ஏற்கெனவே கையில் இருக்க, அதைவிட நீளமான ஒன்றுக்காகப் பிள்ளையின் கல்வியைப் பணயம் வைக்க வேண்டாம் என்றே பெற்றோருக்குச் சொல்வோம். சீருடைப் பட்டியல் கோடை விடுமுறைக்கு முன்பே கிடைத்துவிடும். முழுக்கைச் சட்டை, நீண்ட பாவாடை அல்லது காற்சட்டை, சீருடை நிறத்தில் தலைத்துணி என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி அதிபருக்கு ஜூலையிலேயே அனுப்புங்கள். செப்டம்பர் முதல் நாள் காலையில் வாசலில் நின்று வாதாடுவதைவிட அது பயன்தரும்.

நீச்சல் பாடத்துக்கும் இதே கடிதத்தில் இடம் ஒதுக்குங்கள். லெபனானில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வாழும் அஹெதா ஸனெத்தி 2004இல் வடிவமைத்த புர்கினி இன்று பல நாடுகளில் கிடைக்கின்றது. 2016 கோடையில் பிரான்ஸின் கடற்கரை நகரங்கள் பல அதைத் தடை செய்தன. வில்நெவ் லூபே நகரின் தடையை அவ்வாண்டு ஓகஸ்ட் 26ஆம் திகதி உயர் நிர்வாக நீதிமன்றம் இடைநிறுத்தியது. எனினும் அந்நாட்டின் நகராட்சி நீச்சல் தடாகங்களில் அது பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை, அதற்கு இடமளித்த கிரெனோபிள் நகரின் விதியை அதே நீதிமன்றம் 2022இல் நிறுத்திவைத்தது. எந்த நீச்சல் உடையும் நனைந்தால் உடலோடு ஒட்டும் என்பதால் புர்கினிக்கு மேல் முழங்கால் வரையான தளர்ந்த மேலாடை இருப்பதைத் தெரிவுசெய்யுங்கள். நீரிலிருந்து ஏறியவுடன் போர்த்திக்கொள்ளப் பெரிய துவாய் ஒன்றையும் பையில் வையுங்கள். பிரித்தானியாவின் பல நகராட்சித் தடாகங்களில் பெண்களுக்கு மட்டுமான நேரங்கள் உள்ளன. அந்நேரங்களில் காவலரும் பெண்தானா என்று பதிவு செய்யும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.